யாண்டபோ உடன்படிக்கை: ஒரு போரை முடித்த பதினொரு பிரிவுகள்

போர்நிறுத்தம் வேறு, சமாதான உடன்படிக்கை வேறு. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். போர்நிறுத்தத்தில் துப்பாக்கிகள் ஓய்கின்றன, அவ்வளவுதான். யார் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நிற்பார், நாளைக்கே மறுபடி சுடலாம். எந்த ஊர் இனி யாருடையது, போர்ச் செலவை யார் தருவது, பிடிபட்டவர்கள் எப்போது வீடு திரும்புவது, அந்நியப் படை எந்த நாளில் கிளம்புவது என்ற கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் சொல்வது சமாதான உடன்படிக்கை. பதில் சொல்லாமல் விட்ட கேள்வி எதுவோ, அதுவே அடுத்த தகராறாக முளைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள பர்மாத் தமிழர் வெளியூர் போக வேண்டியதில்லை. 1826 பிப்ரவரி 24 அன்று ஐராவதிக் கரையில் யாண்டபோ என்ற சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையே நல்ல பாடம். மோல்மீன் பெரிய ஊரானதற்கும், மணிப்பூர் எல்லையில் மோரே இருக்கும் இடத்தில் இருப்பதற்கும் அந்தப் பத்திரத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

முதலில் போரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பர்மாவின் கொன்பவுங் அரசர்கள் 1785-இல் அராக்கானைப் பிடித்தார்கள். அங்கிருந்து தப்பியவர்கள் நாஃப் ஆற்றைத் தாண்டி வங்காளத்துக்குள் புகுந்து, அங்கிருந்தபடியே திரும்பத் திரும்பக் கலகம் செய்தார்கள். துரத்தி வந்த பர்மியப் படை எல்லையை மிதித்தது. அசாம், மணிப்பூர் பக்கத்திலும் இதே உரசல். 1823-இல் நாஃப் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஷாபுரி என்ற மணல் தீவு யாருடையது என்பதில் கைகலப்பு. 1824 மார்ச் 5 அன்று ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை ஆளுநர் ஆம்ஹர்ஸ்ட் போர் அறிவித்தார். அப்போது பர்மாவின் தலைநகரான ஆவாவில் ஆட்சி செய்தவர் பாஜிடோ அரசர்.

கம்பெனி தரைவழியாக மட்டும் வரும் என்று ஆவா எதிர்பார்த்தது. 1824 மே மாதம் கப்பற்படை ரங்கூனில் வந்து இறங்கியது. அதில் பெரும் பகுதி சென்னை ராஜதானியின் காலாட்படை. வங்காளச் சிப்பாய்கள் கடல் தாண்டத் தயங்கியதால் சென்னைப் பட்டாளத்தின்மேல் பாரம் விழுந்தது. அவர்களுக்கு வேண்டிய பொருள்களைத் திரட்டி அனுப்பியதில் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோவுக்குப் பெரிய பங்கு. ரங்கூன் மழைக்காலம் அந்தப் படையைக் காய்ச்சலாலும் வயிற்றுப்போக்காலும் அரித்தது. போர் முழுவதிலும் கம்பெனி பக்கம் இறங்கிய சுமார் 40,000 பேரில் 15,000 பேர் வரை மாண்டதாகக் கணக்கு. அதில் பெரும்பாலானவை நோய்ச் சாவுகள். பர்மியத் தளபதி மகா பண்டுல 1825 ஏப்ரல் 1 அன்று தனுபியுவில் குண்டடிபட்டு இறந்தபின் போர் ஒருபக்கமாகச் சாய்ந்தது.

இனிதான் பாடம் தொடங்குகிறது. யாண்டபோவுக்கு முன்பே ஓர் உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. 1826 ஜனவரி 3 அன்று மலூன் என்ற ஊரில் இரு தரப்பாரும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அரசரின் ஒப்புதல் வர, கைதிகள் வந்து சேர, முதல் பணம் வர நாள் குறித்தார்கள். நாள் கடந்தது, எதுவும் வரவில்லை. 19-ஆம் தேதி கம்பெனிப் படை மலூனைத் தாக்கிப் பிடித்தது. கையெழுத்திட்ட பத்திரம் அந்த முகாமுக்குள்ளேயே கிடந்தது. ஆவாவுக்கே போகவில்லை.

தூதரின் கையெழுத்து ஒரு படி, அரசின் ஒப்புதல் அடுத்த படி. இரண்டாவது நடக்காதவரை முதலாவதுக்கு மதிப்பில்லை. தோல்விச் செய்தியையும் நிலம் போகிற செய்தியையும் அரசரிடம் கொண்டுபோகிற அமைச்சரின் தலைக்கு ஆபத்து என்பதால், பர்மியத் தூதர்கள் காலம் கடத்தவே பார்த்தார்கள். இதை வெறும் ஏமாற்று என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் ஆவா அரசவையின் நிலவரத்தைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

பிப்ரவரி 9 அன்று பகானிலும் பர்மியப் படை தோற்றது. கம்பெனிப் படை ஆவாவுக்கு சுமார் 50 மைல் தொலைவில் யாண்டபோவுக்கு வந்தபோது பேரம் பேச ஆவாவிடம் எதுவும் மிச்சமில்லை. ஆங்கிலத் தரப்பில் தளபதி ஆர்ச்சிபால்ட் கேம்பலும், பர்மியத் தரப்பில் லெகாயிங் ஆளுநர் மகா மின் லா ச்சோ தின்னும் முன்னின்று கையெழுத்திட்டார்கள். ஆவா சிறையில் வதைபட்டுக் கிடந்த அமெரிக்கப் பாதிரியார் அடோனிராம் ஜட்சன் பேச்சுவார்த்தையில் மொழிபெயர்த்தார். உடன்படிக்கையில் பதினொரு பிரிவுகள், அதோடு ஒரு கூடுதல் பிரிவு.

நிலம் வாங்கி விற்ற எவருக்கும் கிரயப் பத்திரத்தின் சக்குபந்தி தெரியும்: கிழக்கே வாய்க்கால், மேற்கே இன்னார் தோட்டம், வடக்கே வண்டிப்பாதை என்று நாலு பக்கமும் சொல்வார்கள். நாட்டு எல்லையை எழுதுவதும் அதே வேலைதான். வித்தியாசம், தகராறு வந்தால் போய் நிற்க முன்சீப் கோர்ட் கிடையாது. எனவே எழுதும்போதே, கண்ணுக்குத் தெரிகிற, நகர்த்த முடியாத ஓர் அடையாளத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு வாகாக ஆறும் மலையும் கிடைக்கின்றன.

மூன்றாம் பிரிவு அராக்கானைப் பற்றியது. அராக்கான், ராம்ரி, செடூபா, சாண்டோவே என்ற நான்கு பகுதிகளும் கம்பெனிக்கு. அராக்கான் யோமா மலைத்தொடர் எல்லை. நல்ல எல்லை என்றே சொல்ல வேண்டும். மலை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. ஆன், டாங்கப் போன்ற சில கணவாய்களைத் தவிர, படையோ மாட்டுவண்டியோ கடக்க வழியில்லை. மலையை எல்லையாக எழுதும்போது கேட்க வேண்டியது ஒன்று: மலையின் எந்த இடம்? அடிவாரமா, முகடா, மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் கோடா? முகடும் நீர் பிரியும் கோடும் பல இடங்களில் ஒன்றாக இருக்காது. சந்தேகம் வந்தால் இரு தரப்பும் சம அந்தஸ்துள்ள ஆணையர்களை நியமித்துத் தீர்க்க வேண்டும் என்று அந்தப் பிரிவின் முடிவிலேயே எழுதிவைத்தார்கள். எழுதியவர்களுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

நான்காம் பிரிவு தெற்கே. யே, தாவோய், மெர்குயி, தெனாசரிம் ஆகியவையும் அவற்றைச் சேர்ந்த தீவுகளும் கம்பெனிக்கு; சால்வீன் ஆறு எல்லை. மோல்மீன் மேட்டில் கியாய்க்தன்லன் பகோடா பக்கம் நின்று ஆற்றைப் பார்த்தால் அந்த எல்லை முழுதாகக் கண்ணில் படும். எதிர்க்கரையில் மொத்தமா. இன்று 2005-இல் திறந்த பாலத்தில் பஸ்ஸும் ரயிலும் ஓடுகின்றன. 1826 முதல் 1852 வரை அந்த நீர்ப்பரப்பு இரண்டு அரசுகளைப் பிரித்த எல்லை. இந்தக் கரையில் சென்னைப் பட்டாளம், அந்தக் கரையில் ஆவா அரசரின் ஆட்கள்.

ஆற்றெல்லையின் பலவீனமும் அங்கேயே தெரிகிறது. மோல்மீனுக்கு அருகே சால்வீன், ஜயிங், அத்தரான் ஆறுகள் கலந்து, பிலு தீவைச் சுற்றி இரண்டு கிளைகளாகக் கடலுக்குப் போகின்றன. ‘சால்வீன் எல்லை’ என்றால் எந்தக் கிளை? வடக்குக் கிளை என்றால் தீவு தெற்குக்காரருக்கு, தெற்குக் கிளை என்றால் வடக்குக்காரருக்கு. தீவு கடைசியில் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தது. ஆற்றை எல்லையாக எழுதுகிறவர் மூன்றைச் சொல்லியாக வேண்டும்: கோடு ஓடுவது கரையிலா, நடுவிலா, கப்பல் போகும் ஆழமான பாதையிலா, நடுவில் உள்ள தீவுகள் யாருக்கு, ஆறு தடம் மாறினால் கோடும் மாறுமா, பழைய இடத்திலேயே நிற்குமா. யாண்டபோ பத்திரம் ஆற்றின் பெயரைச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டது.

இந்தப் பிரிவின் விளைவாகத்தான் ஊர்கள் தோன்றின. கம்பெனி அதிகாரி ஜான் கிராஃபர்ட் 1826-இல் கியாய்க்கமியில் ஆம்ஹர்ஸ்ட் நகரை நிறுவினார். ஆனால் எதிரியின் கோட்டை மொத்தமாவில் இருக்க, படை அதற்கு நேர் எதிரே இருப்பதே மேல் என்று கேம்பல் மோல்மீனைத் தேர்ந்தெடுத்தார். சிப்பாய்களோடு வியாபாரிகளும் வேலையாட்களும் வந்தார்கள். தமிழர் பெருந்திரளாக வந்தது பின்னால், ஐராவதிக் கழிமுகத்தில் நெல் விளைச்சல் பெருகிய காலத்தில். ஆனாலும் மோல்மீன் பக்கத்தில் தமிழ்க்குரல் கேட்கத் தொடங்கிய காலம் இந்த எல்லைக்கோட்டோடு ஒட்டியது.

வடகிழக்கில்தான் பத்திரம் சறுக்கியது. இரண்டாம் பிரிவில் அசாம், கச்சார், ஜெயந்தியா ஆகியவற்றின் மேலான உரிமையை ஆவா விட்டுக்கொடுத்தது. மணிப்பூரைப் பற்றி ஒரே வரி: கம்பீர் சிங் தன் நாட்டுக்குத் திரும்ப விரும்பினால் அவரை அங்கே ராஜாவாக ஆவா ஏற்கும். ராஜா யார் என்று எழுதியாயிற்று. அவருடைய நாடு கிழக்கே எதுவரை என்று எழுதவில்லை.

மணிப்பூர் மலைகளுக்கும் பர்மாவின் சிந்துவின் (Chindwin) ஆற்றுக்கும் நடுவே கபோ பள்ளத்தாக்கு கிடக்கிறது. நல்ல வளமான சமவெளி, தேக்குக் காடு. போர் நடக்கும்போதே கம்பீர் சிங்கின் படை கம்பெனியின் துப்பாக்கிகளோடு அதைப் பிடித்துவிட்டிருந்தது. சிந்துவின் ஆறுவரை தன்னுடையது என்றார் கம்பீர் சிங். மலையடிவாரம்வரை தன்னுடையது என்றது ஆவா. எட்டு ஆண்டுகள் இழுத்தது இந்த வழக்கு. 1830 முதல் ஆவாவில் தங்கியிருந்த கம்பெனியின் பிரதிநிதி ஹென்றி பர்னி பழைய ஆவணங்களைப் பார்த்து, ஆவா சொல்வதிலேயே நியாயம் இருக்கிறது என்று கல்கத்தாவுக்கு எழுதினார். தன் தரப்பு ராஜாவுக்கு எதிராக ஓர் அதிகாரி இப்படி எழுதியது அக்காலத்தில் அபூர்வம். 1834 ஜனவரியில் கபோ பள்ளத்தாக்கு பர்மாவுக்குத் திரும்பியது. மணிப்பூர் ராஜாவுக்கு இழப்பீடாக மாதம் 500 சிக்கா ரூபாய் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பெம்பர்டன் என்ற அதிகாரி அளந்து போட்ட கோடு மலையின் கிழக்கு அடிவாரத்தை ஒட்டி ஓடியது. 1881-இலும் 1896-இலும் அதைத் திருத்தினார்கள்.

அந்தக் கோட்டின் பர்மியப் பக்கத்தில் தமு, மணிப்பூர்ப் பக்கத்தில் மோரே. 1960-களில் ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில் கடை கண்ணிகளை இழந்து தமிழ்நாட்டுக்குக் கப்பலேறியவர்களில் ஒரு பகுதியினர், அங்கே ஒட்ட முடியாமல், மணிப்பூர் வழியாக நடந்தே பர்மா திரும்பப் பார்த்தார்கள். தமுவில் பர்மிய ராணுவம் தடுத்துத் திருப்பியது. அவர்கள் தங்கிவிட்ட இடம் மோரே. இன்றும் அங்கே தமிழ்ச் சங்கமும் முனீஸ்வரர் கோயிலும் உண்டு. 1826-இல் ‘மணிப்பூரின் கிழக்கெல்லை சிந்துவின்’ என்று ஒரு வரி சேர்ந்திருந்தால் தமுவே மணிப்பூருக்குள் இருந்திருக்கும், சோதனைச்சாவடி இன்னும் கிழக்கே தள்ளிப் போயிருக்கும். இந்தியாவும் பர்மாவும் 1967 மார்ச் 10 அன்று ரங்கூனில் எல்லை ஒப்பந்தம் செய்து பழைய கோட்டையே ஏற்றுக்கொண்டன. இருந்தும் மோரே வட்டாரத்தில் சில எல்லைத் தூண்கள் சரியான இடத்தில் நிற்கின்றனவா என்ற சச்சரவு ஓயவில்லை. வரியில் கோடு எழுதுவது ஒரு வேலை, அதைக் காட்டுக்குள்ளும் மேட்டின்மேலும் தூண் நட்டுக் காட்டுவது இன்னொரு வேலை.

பணத்துக்கு வருவோம். ஐந்தாம் பிரிவு ஒரு கோடி ரூபாய் கேட்டது. அன்றைய மதிப்பில் சுமார் பத்து லட்சம் பவுன். கூடுதல் பிரிவுதான் இந்தப் பத்திரத்தின் அச்சாணி. முதல் 25 லட்சம் வந்ததும் படை யாண்டபோவிலிருந்து ரங்கூனுக்கு இறங்கும். 100 நாளுக்குள் இரண்டாவது 25 லட்சம் ரங்கூனில் வந்தால் படை நாட்டைவிட்டே போகும். மிச்சம் 50 லட்சம் இரண்டு ஆண்டுத் தவணைகளில். பணத்தையும் படை விலகலையும் படிப்படியாகப் பிணைத்திருப்பதைக் கவனியுங்கள். மலூனில் ஏமாந்தவர்கள் இந்த முறை வாக்குறுதியை நம்பவில்லை; ரங்கூனைக் கையில் பிடித்துக்கொண்டே பேசினார்கள்.

ஆனாலும் நாள் தவறியது. ஆவாவில் அப்போது அச்சிட்ட நாணயமே கிடையாது. வெள்ளியைத் தராசில் நிறுத்து, மாற்று பார்த்துத்தான் கொடுக்கல் வாங்கல். முதல் தவணை பொன்னும் வெள்ளியுமாகக் கட்டிகளில் வந்தது. ஜூன் தொடக்கத்தில் முடிய வேண்டிய இரண்டாம் தவணை இழுபட்டது. படை ரங்கூனைக் காலி செய்ய டிசம்பர் ஆயிற்று. அதுவரைக்கும் பிணையாக ஒரு துறைமுகம் இருந்தது. படை போனபின் கம்பெனியிடம் பிடிமானம் எதுவும் இல்லை. 1828 பிப்ரவரியில் முடிந்திருக்க வேண்டிய கடைசித் தவணைக்கு 1830-கள் பிறந்துவிட்டன. தவணைகளையும் பிணையையும் ஒன்றாக முடிக்காமல் பிணையை முதலில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

மற்ற பிரிவுகள் வழக்கமானவை. கைதிகளை விடுவிப்பது, போருக்கு முந்திய கடன்களைப் போரைச் சாக்கிட்டு மறுக்காமலிருப்பது, கப்பல்களுக்கு வரி, நேச நாடாக இருந்த சயாமையும் உடன்படிக்கைக்குள் சேர்த்துக்கொள்வது. ஏழாம் பிரிவின்படி ஒருவர் தலைநகரில் மற்றவரின் தூதர் 50 பேர் காவலோடு தங்கலாம். பிரதிநிதி ஆவாவில் வந்து உட்கார்ந்தது அரசவைக்கு உறுத்தியது. அரசர் அரசரோடு பேசலாம், வியாபாரக் கம்பெனியின் ஆளுநரோடு என்ன பேச்சு என்பது அவர்கள் வாதம். 1837-இல் தம்பி தாராவதி ஆட்சியைப் பிடித்ததும், அண்ணன் செய்த உடன்படிக்கை தன்னைக் கட்டாது என்றார். பர்னி ஆவாவை விட்டு வெளியேறினார். 1840-க்குள் பிரதிநிதி அலுவலகமே மூடப்பட்டது. உடன்படிக்கை அரசரோடு போகுமா, அரசோடு நிற்குமா என்பதில் இரு தரப்புக்கும் இரு வேறு மரபு. பத்திரம் இதைத் தெளிவாக்கியிருக்கலாம்.

ஆறாம் பிரிவு போரில் எந்தப் பக்கம் நின்றவரையும் தண்டிக்கக் கூடாது என்றது. காகிதத்தில் அழகான பிரிவு. ரங்கூனைப் படை காலி செய்ததும் 1827-இல் சிரியம் பக்கத்து மொன் மக்கள் ஆவாவுக்கு எதிராகக் கிளம்பித் தோற்றார்கள்; பலர் சால்வீனைத் தாண்டி மோல்மீன் பக்கம் ஓடிவந்தார்கள். அவர்களைக் காக்க ஆறாம் பிரிவால் முடியவில்லை. மீறினால் என்ன என்று எழுதாத பிரிவுக்கு அவ்வளவுதான் பலம்.

பத்திரத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லை தாண்டி ஓடிவருகிறவர்களைத் திருப்பி ஒப்படைப்பதா, அடைக்கலம் கொடுப்பதா என்பதைப் பற்றி பதினொரு பிரிவுகளிலும் பேச்சே இல்லை. போர் மூண்டதே அந்தக் கேள்வியில்தான். நாஃப் ஆற்றில் இருந்த தொல்லை சால்வீனுக்கு இடம் மாறியது, அவ்வளவே. மொத்தமாப் பக்கத்திலிருந்து கொள்ளைக் கூட்டங்கள் இரவில் ஆற்றைக் கடந்து வந்து அடித்துப் பிடுங்கிக்கொண்டு திரும்பின. ஒப்படைக்கச் சொல்லிக் கேட்க மோல்மீன் அதிகாரிகளிடம் ஒரு பிரிவும் இல்லை.

1852-இல் இரண்டாம் போர் வந்தபோது முறையே மாறிவிட்டது. அப்போதைய தலைமை ஆளுநர் டல்ஹவுசி உடன்படிக்கைக்குக் காத்திருக்கவில்லை. டிசம்பர் 20 அன்று பெகு மாகாணத்தை இணைத்ததாக ஓர் அறிவிப்பு மட்டும் வெளியிட்டார். எல்லைக்கோடும் ஒருதலையாக, மியேதேக்கு வடக்கே, ஐராவதியைக் குறுக்கே வெட்டிப் போடப்பட்டது. ஆறுமில்லை, மலையுமில்லை, காட்டுக்குள் நட்ட தூண்கள்தான். 1853-இல் மிண்டோன் அரசரின் தூதர்கள் பேச வந்தார்கள், நிலத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். மிண்டோன் சண்டையும் போடவில்லை, கையெழுத்தும் போடவில்லை. 1862-இலும் 1867-இலும் வணிக ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவர், பெகுவை எழுதிக்கொடுத்ததாக ஒரு வரிகூடத் தரவில்லை. உடன்படிக்கை இல்லாமலேயே சண்டை ஓய்ந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கோடு நின்றது. சால்வீன் எல்லை அன்றோடு போயிற்று. மொத்தமாவும் மோல்மீனும் ஒரே ஆட்சிக்குள் வந்தன. நாஃப் ஆறு 1937-இல் பர்மா இந்தியாவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிந்தபோது மறுபடி எல்லையாயிற்று. இன்று பங்களாதேஷுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஓடுகிறது.